ஸ்வீனி டாட்: பெயர் முதலில், நாடகம் பிறகு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பீங்கானுக்குப் பெயர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில், 1960-களின் கடைசியில் ஒரு சிறிய நாடகக் குழு 'ஸ்வீனி டாட்' போடுவதென்று முடிவெடுத்தது. எல்லோருக்கும் தெரிந்த பெயர். லண்டன் ஃப்ளீட் தெருவில் சவரக்கடை வைத்திருப்பவன். வாடிக்கையாளரின் கழுத்தை அறுப்பவன். உடலை ஒரு கடைக்காரி இறைச்சிப் பண்டமாகச் சுட்டு விற்பாள். பாட்டி சொல்லிப் பேரன் கேட்டு வளர்ந்த கதை, அரங்கு நிறையும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகுதான் பழைய நாடகப் பிரதி கைக்கு வந்தது. புரட்டிப் பார்த்தால் கொலை இருந்தது, கதை இல்லை.

அந்தக் குழுவில் நடித்துக்கொண்டிருந்த கிறிஸ்டஃபர் பாண்ட் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். 1945-இல் பிறந்தவர், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார். அவர் எழுதியது 1970-இல் மேடையேறியது. மூன்று ஆண்டுகளில் கிழக்கு லண்டனுக்குப் போயிற்று. அங்கே ஓர் அமெரிக்க இசையமைப்பாளர் வந்து அதைப் பார்த்தார். 1979-இல் அது நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயில், அமெரிக்க நாடக உலகின் உச்ச விருதான டோனியை எட்டுப் பிரிவுகளில் அள்ளிய இசைநாடகமாகிவிட்டது.

இந்த இசைநாடகத்தின் பூர்வீகம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மலிவுக் கதைகளிலிருந்து தொடங்குவார்கள். அடுத்த வரியில் நியூயார்க்குக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் ஸ்டோக் ஓர் அடிக்குறிப்பாக நின்றுவிடும். எனக்கு அந்த அடிக்குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. ரத்தம் பழைய கதையிலேயே குடம் குடமாக இருந்தது. அந்த ரத்தத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது, ஓர் அரங்கின் பருவ அட்டவணையில், அதாவது அந்த ஆண்டுக்கான நாடகப் பட்டியலில், காலியாகத் தொங்கிய ஓர் இடத்தால்.

ஒரு பென்னிக்குக் கொலை

மூலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்வர்ட் லாயிட் என்ற பதிப்பாளர் ஏழை வாசகர்களுக்காக ஒரு பென்னி விலையில் வார இதழ்கள் நடத்தினார். அவற்றில் ஒன்றில் 1846 நவம்பர் முதல் 1847 மார்ச் வரை பதினெட்டு வாரம் 'முத்துமாலை' என்ற பொருள்தரும் தலைப்பில் ஒரு தொடர் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஜேம்ஸ் மால்கம் ரைமர், தாமஸ் பெக்கெட் பிரெஸ்ட் என்று இரண்டு பேரைச் சொல்கிறார்கள். இருவரும் சேர்ந்தும் எழுதியிருக்கலாம். கதை 1785-இல் நடக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய ஒருவன் தன் தோழனின் காதலியிடம் சேர்க்கவேண்டிய முத்துமாலையோடு சவரக்கடைக்குள் நுழைகிறான், திரும்பி வரவில்லை. நாற்காலி தலைகீழாகப் புரளும். உட்கார்ந்தவன் நிலவறைக்குள் விழுவான். அங்கிருந்து சுரங்கவழி திருமதி லவெட்டின் கடைக்குப் போகும்.

அவள் விற்கும் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் 'பை' என்று பெயர். மாவுக்குள் இறைச்சி அடைத்து அடுப்பில் சுடுவது. நம் பேக்கரி பப்ஸுக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டும். (தமிழில் இந்தச் சொல்லைப் படிக்கும்போது துணிப்பை நினைவுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் வருகிறது.) அந்தக் காலத்து லண்டன்வாசிக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்பது உண்மையிலேயே தெரியாது. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் முதல் பொதுச் சட்டமே 1860-இல்தான் வந்தது. கிராமத்திலிருந்து வந்து முன்பின் தெரியாதவர் கையால் சாப்பிடத் தொடங்கிய ஒரு தலைமுறையின் பயத்தில் இந்தக் கதை கை வைத்தது.

தொடர் முடிவதற்குள்ளேயே ஹாக்ஸ்டன் பகுதியின் பிரிட்டானியா அரங்கில் ஜார்ஜ் டிப்டின் பிட் அதை நாடகமாக்கிவிட்டார். உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று விளம்பரமும் செய்தார்கள். உண்மைச் சம்பவம் எதுவும் இல்லை. அப்படி ஒருவன் வழக்கு விசாரணைக்கு நின்றதற்கு நீதிமன்றப் பதிவுகளில் தடயம் கிடையாது. இருந்தும், விளம்பரத்துக்காகச் சொன்ன பொய் நூற்றைம்பது ஆண்டு தாண்டி இன்றும் உலாவுகிறது.

பிட்டின் நாடகமும் அதன் பேரன் பேத்திகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்து முழுவதும் ஓடின. அவற்றில் ஸ்வீனி டாட் பணத்துக்காகக் கொல்பவன். கெட்டவன், ஏனென்றால் கெட்டவன். அவன் வந்ததும் கூட்டம் உஸ் என்று சீறும். நாற்காலி புரண்டதும் கைதட்டும். இருபதாம் நூற்றாண்டில் அது முழுக் கேலிக்கூத்தாகவே மாறிவிட்டது. ஸ்டோக் குழுவினர் கையில் கிடைத்தது இந்த வழியில் வந்த பிரதிதான்.

பானைத் தொழில் நகரத்தில் ஒரு வட்ட அரங்கு

ஸ்டோக்கின் விக்டோரியா அரங்கு 1962-இல் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை மாற்றி அமைக்கப்பட்டது. ஸ்டீஃபன் ஜோசஃப் தொடங்கிய முயற்சி. பீட்டர் சீஸ்மன் இயக்குநராக இருந்து கட்டி வளர்த்தார். நானூறு பேருக்கும் குறைவாகவே உட்கார முடியும். மேடை நடுவில், பார்வையாளர் நான்கு பக்கமும். பிரிட்டனில் அப்படி நிரந்தரமாக இயங்கிய முதல் தொழில்முறை அரங்கு அது.

சீஸ்மன் செய்த பெரிய காரியம், ஊரின் கதையை ஊருக்கே நாடகமாக்கிக் காட்டியது. 1964-இல் பானைத் தொழிலாளிகளைப் பற்றி ஒன்று. 1966-இல் வட்டார ரயில் கம்பெனியைப் பற்றி ஒன்று. பிற்பாடு, மூடப்படவிருந்த ஷெல்டன் எஃகு ஆலையைப் பற்றி ஒன்று. அவற்றுக்கு அவர் வைத்த விதி கடுமையானது: மேடையில் பேசப்படும் ஒவ்வொரு வரியும் மூல ஆவணத்திலிருந்தோ நேரில் பதிவுசெய்த பேச்சிலிருந்தோ வரவேண்டும், கற்பனை கூடாது. அப்பேர்ப்பட்ட இடத்தில், உண்மைச் சம்பவம் என்று வாய்கூசாமல் விற்கப்பட்ட ஒரு கட்டுக்கதை அட்டவணையில் ஏறியது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் பருவம் என்பது அப்படித்தான் அமையும். வட்டார அரங்கு ஒன்றின் இயக்குநர் ஆண்டு முழுவதும் அதே நடிகர்களை வைத்துக்கொண்டு, அதே ஊர்க்காரர்களை மறுபடி மறுபடி வரவழைக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஷேக்ஸ்பியர், தன் மனசாட்சிக்கு ஒரு புதிய நாடகம், ஊரின் பெருமைக்கு ஓர் ஆவண நாடகம், இவை எல்லாவற்றின் கடனையும் அடைக்கப் பெயரிலேயே ஆளை இழுக்கும் ஒன்று. அரசு மானியம் பாதி வழிதான் வரும். மீதி வழியை டிக்கெட் ஜன்னல்தான் கடத்தவேண்டும். ஸ்வீனி டாட் அந்தக் கடைசி வகை. யாரும் அதைக் கலைக்காகத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார்கள்.

பிரதி ஒத்துவராத நிலையில் பாண்ட் என்ன செய்தார் என்பதை அவரே பிற்பாடு விவரித்திருக்கிறார். அலெக்ஸாண்டர் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ கதையையும், 1607-இல் அச்சான 'பழிவாங்குபவனின் துயரம்' என்ற ஆங்கில நாடகத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார். முதலாவதிலிருந்து, அநியாயமாகச் சிறைப்பட்டவன் வேறு பெயரில் திரும்பி வருவது. இரண்டாவதிலிருந்து, அதிகாரத்தில் இருப்பவனின் காமமும், பழிவாங்கப் புறப்பட்டவனே அழுகிப்போவதும்.

அதனால் டாட் இப்போது வேறு ஆள். உண்மைப் பெயர் பெஞ்சமின் பார்க்கர். மனைவி லூசி, கைக்குழந்தை ஜோஹன்னா. லூசியின் மேல் ஆசை வைத்த நீதிபதி டர்பின் பொய் வழக்கில் அவனை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்துகிறான். பதினைந்து ஆண்டு கழித்துத் தப்பி வருகிறான். மனைவி விஷம் குடித்துவிட்டாள் என்று கேள்விப்படுகிறான். மகளோ நீதிபதியின் வீட்டில் வளர்ப்பு மகள். சவரக்கத்திகளைத் திருமதி லவெட் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். நீதிபதி ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தும் கை நழுவிப்போகிறது. அந்த ஆத்திரத்தில் ஊரையே அறுக்கத் தொடங்குகிறான். கடைசியில் தெருவில் திரியும் பிச்சைக்காரி ஒருத்தியை யாரென்று பார்க்காமல் கொல்கிறான். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் லூசி.

கால மாற்றத்தையும் கவனிக்கவேண்டும். பழைய கதை நடந்த 1785-இல் ஆஸ்திரேலியக் கைதிக் குடியிருப்பே கிடையாது. முதல் கப்பல்கள் அங்கே சேர்ந்தது 1788-இல். டாட் அங்கிருந்து திரும்பி வரவேண்டுமானால் கதை அடுத்த நூற்றாண்டுக்குள் நகர்ந்தே ஆகவேண்டும். நகர்ந்ததும் சுற்றிலும் நீராவி இயந்திரமும் ஆலைப் புகையும் வந்து சூழ்ந்துகொள்கின்றன. இதன் பலன் பிற்பாடு நியூயார்க்கில் தெரிந்தது.

பேச்சிலும் பாண்ட் ஒரு காரியம் செய்தார். டாட், நீதிபதி, இளம் காதலர்கள் ஆகியோருக்கு ஷேக்ஸ்பியர் சாயலில் செய்யுள் ஓட்டம் கொண்ட வசனம். தெருவில் இருப்பவர்களுக்குச் சிறுவயதில் காதில் விழுந்த சந்தைக் கூவல். திருமதி லவெட்டுக்கோ, பாண்டின் வீட்டுக்கு எதிரே காய்கறிக்கடை நடத்திய பெண்மணியின் வாய்ச்சாலகம். யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதிலேயே யார் யாருக்கு மேலே என்பது தெரிந்துவிடும். சீஸ்மனின் அரங்கில் ஊர்ப் பேச்சுக்கு இருந்த மதிப்பை அறிந்தவர்களுக்கு, ஒரு காய்கறிக்கடைக்காரியின் நாக்கு நேராக மேடைக்கு வந்ததில் வியப்பு இருக்காது.

இனி என் ஊகம். புரளும் நாற்காலிதான் பழைய நாடகத்தின் உயிர். திரை, பக்கத் தட்டி, ஓவியப் பின்னணி எல்லாம் உள்ள மேடையில் அந்த வித்தை எடுபடும். நான்கு பக்கமும் கண்கள் இருக்கும் வட்ட மேடையில் தந்திரத்துக்கு மறைவிடம் ஏது? அங்கே எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முகம்கூட வெளிச்சத்தில் தெரியும். கொல்பவனின் முகத்தைப் பார்க்காமல் தப்ப வழியில்லாத இடத்தில், அவன் ஏன் கொல்கிறான் என்ற கேள்விக்குப் பதில் இருந்தே ஆகவேண்டும். பாண்ட் இதை எண்ணித்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் தினமும் நடித்த ஒருவரின் உடம்புக்கு இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று, இதையும் யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். ஸ்டோக் சூளைகளின் நகரம். பாட்டில் வடிவச் சூளைகளின் கரும்புகையும், களிமண் தூசியால் தொழிலாளிகளுக்கு வந்த நுரையீரல் நோயும் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. மனிதர்கள் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் சரக்காக வெளியே வரும் அடுப்பு என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு அந்நியமான கற்பனையாக இருந்திருக்காது.

ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு பார்வையாளர்

1973-இல் பாண்டின் நாடகத்தை லண்டனின் கிழக்கே ஸ்ட்ராட்ஃபர்டில் உள்ள தியேட்டர் ராயல் மேடையேற்றியது. நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டின் குழு 1953 முதல் குடியிருந்த அரங்கு அது. உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. லண்டனுக்குள்ளேயே ஒரு வட்டார அரங்கு என்று சொல்லலாம்.

அதே ஆண்டு, முதலில் சொன்ன அந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீஃபன் சாண்ட்ஹைம் லண்டனில் இருந்தார். 1959-இல் அவர் பாடல் எழுதிய ஓர் இசைநாடகம் ஏஞ்சலா லான்ஸ்பரி நடிப்பில் அங்கே வந்திருந்தது. திகில் நாடகங்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஸ்ட்ராட்ஃபர்ட் போய்ப் பார்த்தார். இதற்கு இசை போடவேண்டும் என்று அங்கேயே தோன்றிவிட்டது. செய்யுளும் சந்தைப் பேச்சும் கலந்து ஓடிய அந்த வசனம் ஏற்கனவே பாதி இசையாக இருந்தது என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது; மொழியால் வர்க்கத்தைப் பிரித்துக் காட்டிய விதத்தைப் பாராட்டி அவரும் பேசியிருக்கிறார். அமெரிக்க உரிமையை ரிச்சர்ட் பார், சார்லஸ் உட்வர்ட் என்ற தயாரிப்பாளர்கள் பெற்றிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்தார்.

முதலில் பாண்டின் பிரதியை அப்படியே வரிக்கு வரி இசையாக்கப் பார்த்தார். சில பக்கங்களிலேயே தெரிந்துவிட்டது, அப்படிப் போனால் விடிய விடிய நடக்கும். பேச்சைவிடப் பாட்டுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். ஹியூ வீலர் வந்து சுருக்கி உரையாடல் அமைத்தார். நாடகத்தின் எலும்பு மட்டும் பாண்ட் போட்டதாகவே இருந்தது. இன்றும் அந்த இசைநாடகத்தின் விளம்பரங்களில் பாண்டின் பெயர் தனி வரியில் வரும்.

இசையின் வேர் இன்னும் பின்னால் போகிறது. சாண்ட்ஹைம் பதினைந்து வயதில், 1945-இல், ஒரு திகில் படம் பார்த்தார். பைத்தியம் பிடித்த ஒரு இசையமைப்பாளனின் கதை. பின்னணி இசை பெர்னார்ட் ஹெர்மன். அந்த இசை அவர் தலையைவிட்டு இறங்கவே இல்லை. டாட்டின் இசையில் ஹெர்மனின் நிழல் இருப்பதை அவர் மறைத்ததில்லை. அதோடு கத்தோலிக்கரின் இறந்தோர் வழிபாட்டில் பாடப்படும் பழைய லத்தீன் மெட்டு ஒன்றை எடுத்துத் திருப்பியும் புரட்டியும் நாடகம் முழுக்க ஒளித்து வைத்தார். கேட்பவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. வயிற்றுக்குள் ஏதோ பிசைவது மட்டும் தெரியும். பாட்டு நின்றாலும் இசை நிற்காது. பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இசை நின்றால் பயமும் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

நடுநடுவே ஊர்க்கூட்டம் ஒன்று முன்னே வந்து கதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகும். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை, கோமாளித்தனத்தைக் கழித்துவிட்டால்.

முதல் பாதியின் முடிவைப் பார்க்கலாம். நீதிபதி தப்பிவிட்டான். டாட் வெறிபிடித்துக் கத்துகிறான்: எல்லோரும் சாகவேண்டியவர்கள். அந்த ஓலம் அடங்கும் முன்னே திருமதி லவெட் பக்கத்தில் கிடக்கும் பிணத்தைப் பார்த்து, இறைச்சி விற்கும் விலையில் இதை வீணாக்குவானேன் என்கிறாள். உடனே ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு தொடங்குகிறது. பாதிரியார் எப்படி ருசிப்பார், வக்கீல் எப்படி, கவிஞர் எப்படி என்று தொழில் தொழிலாகச் சிலேடை. அரங்கமே சிரிக்கும். சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைக்கும். அந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருப்பது நல்ல வியாபாரியின் கணக்கு: சரக்கு இலவசம், வாடகை மிச்சம், வாடிக்கையாளர் கியூவில். பாண்டின் வீட்டுக்கு எதிரே இருந்த அந்தக் காய்கறிக்கடை இங்கே எனக்குத் தெரிகிறது.

இரண்டாம் பாதியில் இன்னும் துணிச்சலான இடம் ஒன்று உண்டு. டாட் மகளை நினைத்துப் பாடுகிறான். நாடகத்திலேயே மிக இனிமையான மெட்டுகளில் ஒன்று, தாலாட்டுக்குப் பக்கத்தில். பாடிக்கொண்டே வருகிறவர் கழுத்தை ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே தள்ளுகிறான். குரலில் கோபம் துளியும் இல்லை. மகளின் முகம் மறந்துகொண்டு வருகிறது, அதுவும் பரவாயில்லை என்கிற தோரணையில் பாடுகிறான். பழிவாங்குதல் அவனைத் தின்று முடித்துவிட்டது என்பதை வசனத்தில் சொல்ல வந்திருந்தால் ஒரு பக்கம் ஆகியிருக்கும். இங்கே மெட்டுக்கும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளி சொல்லிவிடுகிறது. பழைய பென்னிக் கதையின் டாட்டுக்கு இந்தப் பாட்டைப் பாட வாய் கிடையாது. அவனுக்கு மகளே இல்லையே.

சிறியதாக நினைத்தது, பெரியதாக வந்தது

சாண்ட்ஹைமின் மனத்தில் இருந்தது சின்ன அரங்கு, மூடுபனி, நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்கிற உணர்வு. இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸுக்கு ஆரம்பத்தில் இந்தக் கதையே பிடிக்கவில்லை. மனிதர்களை அரைக்கும் தொழிற்புரட்சியின் கதையாக இதைப் பார்க்கலாம் என்று தோன்றிய பிறகே இறங்கினார். மேடையமைப்பாளர் யூஜீன் லீ, ரோட் ஐலண்டில் உள்ள பழைய வார்ப்பு ஆலைகளின் இரும்பைக் கொண்டுவந்து மேடை முழுக்க ஓர் ஆலையை நிறுத்தினார். கத்தி இறங்கும்போதெல்லாம் ஆலைச் சங்கு காதைக் கிழித்தது. பாண்ட் கதையை அடுத்த நூற்றாண்டுக்கு நகர்த்தியிராவிட்டால் பிரின்ஸுக்கு இந்தப் பிடி கிடைத்திருக்காது.

1979 மார்ச் 1 அன்று யூரிஸ் அரங்கில் திறப்பு. ஏறத்தாழ 1900 இருக்கைகள் கொண்ட பிரம்மாண்டமான கூடம். லென் கேரியூ டாட், ஏஞ்சலா லான்ஸ்பரி லவெட். லான்ஸ்பரியின் தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி கிழக்கு லண்டன் தொழிலாளர் தலைவர். அந்தப் பகுதியின் பேச்சு அவருக்கு வீட்டுச் சொத்து. 557 காட்சிகள் நடந்தன. சிறந்த இசைநாடகம், பிரதி, இசை, நடிகர், நடிகை, இயக்கம், மேடையமைப்பு, உடையமைப்பு என எட்டு டோனிகள். 1980-இல் அதே பிரின்ஸின் இயக்கத்தில் லண்டன் ட்ரூரி லேன் அரங்குக்கு வந்தபோது 157 காட்சிகளிலேயே மூடவேண்டியதாயிற்று. ஃப்ளீட் தெருவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அந்தக் கதை எடுபடவில்லை. பாதிப் பழி அரங்கின் அளவின் மேல் என்பது என் எண்ணம். ஆலையைப் பார்த்துப் பிரமித்த கண்ணுக்கு அந்த மனிதன் சின்னதாகத் தெரிந்திருப்பான்.

பிறகு அது தானாகவே சின்ன இடங்களைத் தேடிப்போனது. 1985-இல் லண்டன் ஹாஃப் மூன் அரங்கில் இந்த இசைநாடகத்தை இயக்கியவர் வேறு யாருமல்லர், கிறிஸ்டஃபர் பாண்ட். 1989-இல் நியூயார்க்கில் ஒரு சிறு தயாரிப்பு. அதற்குச் 'சின்னஞ்சிறு டாட்' என்று செல்லப்பெயரே வந்தது. 1993-இல் லண்டன் தேசிய நாடக அரங்கும் தன்னிடமிருந்த மூன்று கூடங்களில் மிகச் சிறியதைத்தான் இதற்கு ஒதுக்கியது.

மாவு ஆலையில் ட்யூபா

2004-இல் மறுபடியும் ஒரு வட்டார அரங்கு. இங்கிலாந்தின் பெர்க்ஷயரில், நியூபரி ஊருக்கு வெளியே, லாம்போர்ன் ஆற்றங்கரையில் ஒரு பழைய தண்ணீர் மாவு ஆலை. அதற்குள் வாட்டர்மில் அரங்கு. இருநூறு பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். சாண்ட்ஹைமின் இசைக்கு ஜோனதன் டியூனிக் அமைத்த வாத்தியக் குழுவுக்கு இருபத்தாறு கலைஞர்கள் வேண்டும். அந்த ஆலையில் இருபத்தாறு பேரை உட்காரவைத்தால் பார்வையாளர்களை ஆற்றில்தான் உட்காரவைக்கவேண்டும்.

இயக்குநர் ஜான் டாயல் தான் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வழியை எடுத்தார்: நடிகர்களே வாசிப்பார்கள். ஒருவருக்கு இரண்டு வேலை, ஒரு சம்பளம். இந்த முறை பிறந்ததே வட்டார அரங்குகளின் பண முடையில்தான். லிவர்பூலின் எவ்ரிமேன் அரங்கைப் பாண்ட், டாயல் இருவருமே வெவ்வேறு காலத்தில் நிர்வகித்திருக்கிறார்கள் என்பது தற்செயல்தான் என்றாலும், இவர்கள் எந்தப் பள்ளியில் படித்தவர்கள் என்று காட்டுகிறது. வாத்திய அமைப்பை சாரா டிராவிஸ் புதிதாக எழுதினார்.

சிக்கனத்துக்காகச் செய்தது அர்த்தமாக மாறியது. மேடையை விட்டு யாரும் வெளியேறுவதில்லை; கொல்லப்பட்டவர் ரத்தம் தோய்ந்த வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு தன் வாத்தியத்தோடு வந்து உட்கார்ந்து வாசிப்பைத் தொடர்கிறார். இளம் காதலர்கள் ஒருவரையொருவர் தொடுவதற்குப் பதில் செல்லோவைத் தொடுகிறார்கள். நாடகம் முழுவதும் ஒரு மனநோய் விடுதியில், லவெட்டின் கடையில் வேலை பார்த்த சிறுவன் டோபையஸின் கலங்கிய நினைவில் நடக்கிறது. புரளும் நாற்காலி கிடையாது. நடுவில் ஒரு கருப்புச் சவப்பெட்டி. கழுத்து அறுபடும்போது ஒருவர் ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு ரத்தத்தை நிதானமாக ஊற்றுகிறார். அந்தச் சத்தம் போதும்.

லண்டனின் பெரிய நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டுக்கு அதே ஆண்டு போயிற்று. 2005 நவம்பரில் பிராட்வே. பத்தே பேர் மேடையில். மைக்கேல் செர்வெரிஸ் கையில் கித்தார். லவெட்டாக வந்த நடிகை பாட்டி லுபோன், பெரிய பித்தளை ஊதுவாத்தியமான ட்யூபாவை அணைத்துக்கொண்டு ஊதினார். 349 காட்சிகள். டாயலுக்கும் டிராவிஸுக்கும் டோனி விருதுகள்.

பெரிய அளவை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-இல் பிராட்வே அந்த இருபத்தாறு பேர் வாத்தியக் குழுவை முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து ஜோஷ் குரோபனைப் பாடவைத்தது. டியூனிக் எழுதியதை முழுக்கக் கேட்பது ஒரு விருந்து, அதை மறுக்கமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் நான் டிக்கெட் வாங்க நினைப்பது இன்னொன்றுக்கு. 2014-இல் தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஒரு சிறு குழு, நூறாண்டு கடந்த ஹாரிங்டன்ஸ் என்ற, இறைச்சிப் 'பை' விற்கும் உண்மையான கடைக்குள்ளேயே இதை நடத்தியது. முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே டாட் வந்து நிற்பான். ஸ்டோக்கின் வட்ட அரங்கில் எதிர்வரிசை முகம் தெரிந்ததைவிட நெருக்கம்.

அந்தக் கடையை அப்படியே பெயர்த்ததுபோல் 2017-இல் நியூயார்க்கின் பாரோ ஸ்ட்ரீட் அரங்குக்குள் கட்டினார்கள். காட்சிக்கு முன்னால் விரும்பியவர்களுக்குப் பை பரிமாறப்பட்டது. சுட்டுக் கொடுத்தவர் பில் யோசெஸ், வெள்ளை மாளிகையில் இனிப்புப் பண்டங்களுக்குத் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். கோழியா காய்கறியா என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள்.